இரண்டாவது காது

காளீஸ்வரன் ஒரு வாரமாகவே இந்த நாளை நினைத்துத் தயங்கிக்கொண்டிருந்தான். கட்சிக்காரர்கள் கொடுத்த பிரச்சார வேன் அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி ரோட்டில் ஏறியதும் தயக்கம் இன்னும் கூடியது. ஊரே கூடி நின்றாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பேசுகிறவனுக்கு, அக்கா வீட்டுக்காரர் ஒருத்தரின் முகத்தைப் பார்க்கப் பயம். பயப்பட வேண்டியவன்தான். செய்து வைத்திருக்கிற காரியம் அப்படி.

அக்கா மகள் தர்ஷிகாவுக்கு இன்று காதுகுத்து. பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். ரேணுகாதேவிக்குக் கூடப் பிறந்தவன் என்று இருப்பது இவன் ஒருத்தன்தான். ஒன்றுவிட்ட தம்பிகள் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருத்தனை உட்கார வைத்துக் காரியத்தை முடித்திருக்கலாம். அப்படித்தான் செய்யப் போகிறார்கள் என்று இவனும் நினைத்திருந்தான். ஆனால் அக்கா போன் செய்தாள்.

“அவுகதான் உன்னக் கூப்பிடச் சொன்னாக” என்றாள். “கூடப் பொறந்த மாமன் இருக்கும்போது பிள்ளைய எவன் மடியிலயோ உக்கார வைக்கவான்னு கேட்டாக. வந்துரு. ஆனா ஒன்னு. கோயில்ல மைக்கு கியிக்குன்னு எதுவும் வேணாம். அந்தப் பேச்ச மட்டும் எடுக்காத.”

“எடுக்க மாட்டேன்க்கா. சத்தியமா.”

“சத்தியமெல்லாம் வேணாம். எடுக்காத, அவ்வளவுதான்.”

அந்தப் பேச்சு எது என்று சொல்வதற்கு முன்னால் காளீஸ்வரன் பிழைப்பு நடத்துகிற விதத்தைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் மாதிரி பேசிக் காட்டி, அவரிடமே அடி வாங்கியதில் தொடங்கிய தொழில் அது. அப்புறம் அருப்புக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் கோயில் பொங்கல் சாட்டிய ஊரிலெல்லாம், ஆடல் பாடல் நிகழ்ச்சியில் ஆடுகிறவர்கள் உடை மாற்றி வருகிற இடைவெளியை ஓட்டுவதற்காக மேடையேறிப் பேசினான். ஆட்டத்தை விட இவன் பேச்சுக்குக் கைதட்டல் கூடியபோது சென்னைக்கு பஸ் ஏறினான். டி.வி. காமெடிப் போட்டியில் இரண்டாவது பரிசு. சினிமாவில் கதாநாயகனின் நண்பர்களில் கடைசி ஆள். பெரும்பாலான படங்களில் இவனுக்குக் கிடைத்தது ஓர் அறை, அதற்கு ஒரு முழி. பிறகு காபிக் கடை மாடிகளில் ஒற்றை மைக்கை வைத்துக்கொண்டு தனி ஆளாய் நின்று பேசுகிற ஸ்டாண்ட்-அப் வந்தது. அதில்தான் ‘திருச்சுழி காளி’ என்ற பெயர் நின்றது. ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இவனுடைய ஊர்க் கதைகள் புதுசாக இருந்தன.

அந்த ஊர்க் கதைகள் எதுவும் இவனுடையவை இல்லை என்பதுதான் விஷயம். எல்லாம் ரேணுகாதேவியுடையவை. இவன் ஊரை விட்டுப் போய் வெகு காலம் ஆகியிருந்தது. அவள்தான் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்வாள். தாலுகா ஆபீசுக்கு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போனவரின் கதை, ஒரே மாப்பிள்ளைக்கு இரண்டு வீட்டில் பந்தல் போட்ட கதை. யார் எப்படி நின்றார், எந்த இடத்தில் வாயை மூடினார் என்பது வரைக்கும் அவள் சொல்லில் இருக்கும். இவன் அதற்கு மேல் கொஞ்சம் கையைக் காலை ஆட்டுவான். வீட்டில் சிரிக்க வைக்கத் தெரிந்த ஆள் அவள்தான். மைக் மட்டும் இவனிடம் இருந்தது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. “நான் சொன்னத அப்படியே சொல்லிட்டான் பாருங்க” என்று புருஷனைக் கூப்பிட்டு டி.வி.யைக் காட்டுவாள்.

அந்தப் புருஷன் நாகராஜ், மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிற சம்சாரி. கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கும். ஒரு ராத்திரி போதும், நிலத்தில் மிச்சம் ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கத்தில் எல்லோரும் புஞ்சையைச் சுற்றிக் குச்சி ஊன்றி, வீட்டிலிருக்கிற பழைய சேலைகளை வேலியாகக் கட்டுவார்கள். காற்றில் சேலை ஆடுவதைப் பார்த்து ஆள் நிற்கிறதென்று பன்றி மிரளும் என்பது கணக்கு. முதல் வருஷம் மிரண்டது. அப்புறம் பழகிப்போய்ச் சேலையை முட்டிக்கொண்டு உள்ளே வந்தது. நாகராஜ் ராத்திரிக் காவலுக்குப் போனார். மார்கழிப் பனி, அதோடு கொசு. போர்வையைப் போர்த்திக்கொண்டால் ஓடி விரட்ட முடியாது. கழுத்திலிருந்து கால்வரைக்கும் மூடுமே என்று ரேணுகாவின் பழைய நைட்டி ஒன்றைச் சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டு போனார். ஒரு நாள் பன்றி அவரைத் திருப்பி விரட்டியது. நைட்டி காலைத் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடி வேப்பமரத்தில் ஏறியவர், விடிந்து பால்காரர் வந்து சத்தம் கொடுத்த பிறகுதான் இறங்கினார்.

இதைச் சொல்லும்போது ரேணுகா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். பாதியில் அழுதாள். நாகராஜுக்கு முழங்கை பிசகியிருந்தது. பாதி வெள்ளாமை அன்றைக்கே போயிருந்தது. “யார்கிட்டயும் சொல்லிராத, அவுகளுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாக” என்று சொல்லித்தான் போனை வைத்தாள்.

காளீஸ்வரன் அடுத்த நிகழ்ச்சியிலேயே சொன்னான். ‘எங்க மச்சான்’ என்று உறவு வைத்தே சொன்னான். முழங்கையை விட்டுவிட்டான். போன வெள்ளாமையை விட்டுவிட்டான். அக்கா அழுததையும் விட்டுவிட்டான். சிரிப்புக்கு அதெல்லாம் இடைஞ்சல். பதிலுக்குத் தன் சரக்காக ஒன்றைச் சேர்த்தான். பன்றி மரத்தடியில் வந்து நின்று, மேலே நைட்டியோடு உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து, மூக்கால் உறுமிக்கொண்டு கேட்கிறது: “யக்கா, ஏன் மீசை வச்சிருக்க?”

அது பற்றிக்கொண்டது. கல்லூரி விழாக்களில் இவன் மேடையேறும்போதே பையன்கள் பன்றி மாதிரி உறுமினார்கள். போனில் அந்தத் துண்டைப் பார்க்காத ஆளில்லை. திருச்சுழி பஸ் ஸ்டாண்டிலும் பார்த்தார்கள், உரக் கடையிலும் பார்த்தார்கள். ‘எங்க மச்சான்’ யார் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, “சொல்லாதன்னு சொன்னேன்ல காளி” என்றாள். வேறொன்றும் திட்டவில்லை. அன்றிலிருந்து இவன் எப்போது கூப்பிட்டு என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்: “எல்லாரும் நல்லாருக்கோம்.”

கதை வருவது நின்றதும் இவன் வண்டி படுத்துவிட்டது. புதுசாகப் பேச ஒன்றுமில்லை. சினிமாவில் அறை வாங்குவதற்கும் வயசு குறைந்த ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்போதுதான் தேர்தல் வந்தது. கட்சி கூப்பிட்டு நட்சத்திரப் பேச்சாளர் என்று பெயர் போட்டது. பழைய பன்றியையே இவன் பிரச்சாரத்துக்கு ஓட்டி வந்தான். “மீசை வச்ச ஆம்பளைய நைட்டி போட வச்ச ஆட்சிய்யா இது” என்பான். கூட்டம் விசிலடிக்கும். வேட்பாளர் பெயரை அதற்கப்புறம் சொன்னால்தான் காதில் வாங்குவார்கள்.

வேன் கோயில் பாதையில் திரும்பியது. நாகராஜின் புஞ்சை ரோட்டோரம்தான். சேலைகள் ஒன்றும் இல்லை. சீமைக்கருவேலங் கன்றுகள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. அறுவடை முடிந்து போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். இந்த மண்ணில் பிறந்தவனுக்கு, சோளத் தட்டை நின்ற நிலம் எப்படி இருக்கும் என்று தெரியாமலில்லை. நினைக்க வசதியாக இருந்ததை நினைத்தான்.

கோயில் வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் நின்றது. வைத்தவர் கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் சங்கரலிங்கம். ‘மடி கொடுக்க வரும் மக்கள் கலைஞரே’ என்று மேலே எழுதி, கும்பிட்ட கையோடு காளீஸ்வரன் படம். ஓரத்தில் பிள்ளையின் படம். கீழே சிவப்பு எழுத்தில் அந்த மீசை வசனம்.

“இத எடுங்கண்ணே” என்றான் காளீஸ்வரன்.

“ஏந்தம்பி? டவுன்ல சொல்லி ஸ்பெஷலா அடிச்சது.”

“வீட்டு விசேஷம்ணே. தயவுசெஞ்சு எடுத்துருங்க.”

சங்கரலிங்கம் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டார். சுருட்டி வேனுக்குள் தள்ளினார்கள். காளீஸ்வரனுக்குப் பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அக்காவிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு சீர்த்தட்டை எடுத்தான். பட்டுப்பாவாடை, பழம், மாலை, கம்மல் எல்லாம் வழக்கத்துக்கு மேலேயே வாங்கியிருந்தான். தப்புச் செய்த மாமன் சீரில் சரிக்கட்டப் பார்ப்பது எங்கும் நடப்பதுதான்.

எதிரே வந்து தட்டை வாங்கியவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. நாகராஜ். மேல் உதடு மழமழவென்றிருந்தது. கல்யாணத்தன்று பார்த்ததிலிருந்து அவருக்கு அடர்ந்த மீசை உண்டு. அது இல்லாமல் முகம் ஏதோ வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஆளின் முகமாக இருந்தது.

“வாங்க மாப்ள. வெயில்ல அலைச்சலா?”

“இல்ல மச்சான். நேர்த்திக்கடனா?” என்று உதட்டைப் பார்த்தபடி கேட்டுவிட்டான்.

“அப்படித்தான் வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு நாகராஜ் தட்டோடு உள்ளே போனார்.

பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக் கொண்டு வந்தார்கள். ஐந்து வயசு. வேப்பமரத்தடியில் மனைப்பலகையில் உட்கார்ந்த காளீஸ்வரன் மடியில் இறக்கினார்கள். இவனைப் போனில் பார்த்திருக்கிறாளே தவிர, மடியில் உட்கார்ந்த பழக்கமில்லை. விறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆசாரி தவசி சந்தனத்தால் காதில் புள்ளி வைத்தார். சுற்றிலும் ஊர் நின்றது. ஊரோடு சங்கரலிங்கத்தின் ஆட்களும் நின்றார்கள். எல்லோர் கையிலும் போன் உயர்ந்திருந்தது. முதல் காதில் கம்பி இறங்கியது.

பிள்ளை போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பின. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு உதைத்தாள். காதோரம் ஒரு சொட்டு ரத்தம். ரேணுகா தலையைப் பிடித்தாள், இன்னொருத்தி காலைப் பிடித்தாள், ஒன்றும் நடக்கவில்லை. தவசி கம்பியை இரண்டு தரம் கொண்டுபோய் இரண்டு தரமும் கையை இழுத்துக்கொண்டார்.

“தல ஆடுனா எடம் தப்பிரும். செத்த நேரம் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுங்க மாமன்காரரே” என்றார்.

“திருச்சுழி காளி மடியில அழுகுற மொதப் பிள்ள இதுதான்யா” என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள்.

காளீஸ்வரன் காக்கை மாதிரி கத்தினான். ஆடு மாதிரி கத்தினான். பஸ் கண்டக்டர் விசிலடித்து டிக்கெட் கிழிப்பதைச் செய்து காட்டினான். பிள்ளை நிறுத்தவில்லை. கூட்டத்திலும் சத்தமில்லை. உயர்ந்த போன்கள் எல்லாம் இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. கூட்டம் சிரிக்காமல் நிற்பதை அவனால் என்றைக்கும் தாங்க முடிந்ததில்லை.

“அண்ணே, அதப் போடுங்கண்ணே” என்றான் பின்னால் நின்ற ஒருத்தன்.

ரேணுகாவைப் பார்த்தான். மகள் தலையைப் பிடித்தபடியே அவள் இவனைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினாள்.

பிள்ளைக்காகத்தான் சொன்னேன் என்று பின்னால் தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டான். அது பாதி உண்மை. குனிந்து பிள்ளையின் காதருகே மூக்கால் உறுமினான். அழுகை சட்டென்று நின்றது. பிள்ளை கழுத்தைத் திருப்பி இவனைப் பார்த்தாள். இன்னொரு தடவை உறுமினான். கண்ணீர் வழிகிற முகத்தில் சிரிப்பு வந்தது.

“யக்கா” என்றான் காளீஸ்வரன்.

“ஏன் மீசை வச்சிருக்க” என்று அவளே முடித்தாள். முடித்துவிட்டுக் கெக்கெக்கென்று சிரித்தாள். அவளுக்கு அது மனப்பாடம். சிரித்துக்கொண்டிருந்தபோதே தவசி இரண்டாவது காதில் கம்பியை இறக்கி முறுக்கிவிட்டார். பிள்ளைக்கு வலித்ததுகூடத் தெரியவில்லை. கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தத்தில் உற்சாகமாகி, எதிரே பனங்கற்கண்டுக் கிண்ணத்தோடு நின்ற நாகராஜை நோக்கி அவள் கையை நீட்டினாள்.

“எங்கப்பாவுக்குத்தான் மீசையே இல்லையே” என்றாள்.

எல்லோரும் திரும்பி நாகராஜைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தேவிட்டார்கள். சிலர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். நாகராஜ் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் வந்து குந்தி, கற்கண்டை வாயில் போட்டு, காதோரத்து ரத்தத்தைத் துண்டு நுனியால் ஒற்றி எடுத்தார்.

“அழுகைய நிறுத்திட்டாள்ல, அது போதும்” என்றார். பிறகு காளீஸ்வரனிடம், “சாப்பிடாமப் போயிராதிக மாப்ள” என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் நடந்தார். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அறை வாங்கிப் பழக்கப்பட்ட கன்னம்தானே.

கோயிலுக்குப் பின்னால் கறி வெந்துகொண்டிருந்த இடத்தில் ரேணுகா தனியாக நின்றாள். போய்ப் பக்கத்தில் நின்றான்.

“பிள்ள அழுதுச்சுக்கா. வேற வழி தெரியல.”

“ஆமா. நீ சொன்னதும் சிரிச்சா. எம் மகதானே. நானும் அப்படித்தான சிரிச்சேன், உங்கிட்டச் சொல்லும்போது.”

“மச்சான் மீசைய…”

“உரக் கடையில ஒரு சின்னப் பய கேட்டுட்டான். நேரா சலூனுக்குப் போயிட்டு வந்தாக. நான் ஒன்னும் கேக்கல.” அண்டாவிலிருந்து வந்த புகைக்குக் கண்ணைச் சுருக்கினாள். “புஞ்சையப் பாத்தியா வரும்போது?”

“பாத்தேன். அறுத்தாச்சா?”

“வெதச்சாத்தான அறுக்க. வெதச்சா காவலுக்குப் போகணும். ராத்திரி பைக்குல போற பயலுக ரோட்டுல நின்னு உறுமுறாய்ங்க. பன்னிக்குப் பயப்படாத மனுசன் அதுக்குப் பயந்து நிலத்தத் தரிசாப் போட்டுட்டாக. இப்ப அருப்புக்கோட்டையில ஒரு மில்லுல வாட்ச்மேனா இருக்காக. நீலச் சட்டை, தொப்பி, ஒரு கம்பு. நைட்டு டூட்டிதான்.”

“என்கிட்டச் சொல்லவே இல்லையேக்கா” என்றான்.

ரேணுகா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பான்.

“இப்பச் சொல்லிட்டேன்ல” என்றாள். “இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. நீ கண்டுபிடிச்சிருவ.”

சாப்பிட்டான். நாகராஜே நின்று பரிமாறினார். வேண்டாம் வேண்டாம் என்று இவன் கையால் இலையை மறைக்க, இரண்டாவது தடவையும் கறியை அள்ளி வைத்தார். கிளம்பும்போது பிள்ளையை முத்தமிடப் போனான். அவள் தூங்கிவிட்டாள் என்றார்கள்.

சாயங்காலம் பந்தல்குடியில் பேச வேண்டும். வேனில் சங்கரலிங்கம் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். காதுகுத்து வீடியோ இப்போதே ஊரெல்லாம் போய்விட்டது, தலைமையிலிருந்தே கேட்டார்கள் என்றார். காளீஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டான். பிரச்சாரத்தை இத்தோடு முடித்துக்கொண்டு திரும்பி அக்கா வீட்டுக்கே போய்விடலாமா என்று நினைத்தான். மச்சானோடு நிலத்தில் இறங்கிக் கருவேலத்தை வெட்டலாம், ஐப்பசி மழைக்கு விதைக்கலாம், காவலுக்குக் கூடப் படுக்கலாம் என்றெல்லாம் நினைத்தான். அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதே மண்டைக்குள் வேறொன்று தன்பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது. நீலச் சட்டை. தொப்பி. கம்பு. நைட்டு டூட்டி. எதை முன்னால் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அது அடுக்கியது. வேண்டாம் என்று தலையைக்கூட உதறிப் பார்த்தான். வேன் பந்தல்குடியில் நுழைந்தபோது அது முழுசாக உருண்டு திரண்டிருந்தது. அந்த அளவுக்கு நல்லதாக ஒன்று அவனுக்கு இரண்டு வருஷமாகச் சிக்கவில்லை.

தூத்துக்குடி ரோட்டோரம் லாரிகளை ஓரங்கட்டிவிட்டுக் கூட்டம் நின்றது. இவன் வேன் மேல் ஏறியதுமே பையன்கள் உறுமினார்கள். மைக்கை வாங்கினான்.

“எங்க மச்சான் இப்ப பன்னிக் காவலுக்குப் போறதில்லைங்க” என்றான்.

கூட்டம் அமைதியானது. அந்த அமைதி எத்தனை நேரம் தாங்கும் என்று அவனுக்குத் தெரியும். அதுவரைக்கும் விட்டான்.

“டவுன்ல ஒரு மில்லுக்குக் காவலுக்குப் போறாரு. அதே இருட்டு, அதே கொசு, அதே மனுசன். சொந்த நெலத்தக் காவல் காத்தப்போ நைட்டி. எவனோ ஒருத்தன் மில்லக் காவல் காக்கும்போது யூனிபாரமு.”

ஒரு விநாடி கழித்து வெடித்தது. லாரி டிரைவர்கள் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்கள். வேட்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சங்கரலிங்கம் கீழே நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அந்தத் தேர்தலில் அவன் வாங்கிய கைதட்டல்களில் அதுதான் பெரியது.

இன்னும் சற்று நேரத்தில் இது திருச்சுழிக்குப் போய்விடும். ராத்திரிக்குள் மில் வாசலுக்கும் போய்விடும். ரேணுகா இனிமேல் நல்லாருக்கோம் என்று சொல்வதற்குக்கூடப் போனை எடுக்க மாட்டாள். அது அவனுக்கு அங்கே நிற்கும்போதே தெரிந்தது. கைதட்டல் அடங்குவதற்காகக் காத்திருந்தான். அடங்கியதும், அந்தத் தொப்பி மச்சான் தலையில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று சொல்லத் தொடங்கினான்.